மூன்றாவது பெல்ட்

காஷ்மீர் வரை போவதாகச் சொல்லிக் குடவாசலிலிருந்து கிளம்பிய வண்டி, மூன்று வாரமாகியும் திருவிடைமருதூரைத் தாண்டவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆளுயர எழுத்தில் ‘பாரதப் பயணம்’ என்று எழுதியிருந்ததால், அது நின்றுபோன இடங்களிலெல்லாம் ஜனங்கள் நிதானமாக வாசித்துவிட்டுப் போனார்கள்.

சொந்தக்காரர் மீரா உசேன், அரிசி மில் முதலாளி. மில்லை மூடி எட்டு வருஷமாகிறது. முதலாளியை மூட இன்னும் யாராலும் முடியவில்லை. சினிமாப் படப்பிடிப்புக்கு ஓடி ஓய்ந்த பழைய கேரவனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டிருந்தார். சுற்றிலும் பல்பு வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி அதிலேயே இருந்தது. அதில் எந்தக் கதாநாயகன் பவுடர் போட்டான் என்பது, அவர் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

அவர் மனைவி சைத்தூன் பீவிக்கு நான்கு நாளாகக் காஷ்மீரும் நினைவில் இல்லை, கதாநாயகனும் நினைவில் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் தனக்கு மருந்து வைக்கிறாரா இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தலைவலிக்குக் கொடுக்கிற மருந்தல்ல. டீயிலோ சோற்றிலோ கலந்து கொடுத்து, ஆளைப் பேச்சுமூச்சில்லாமல் வசப்படுத்திப் போடுவார்களே, அந்த மருந்து.

சந்தேகம் சும்மா வரவில்லை. கிளம்பின அன்றே இன்ஜினில் பெல்ட் கீச்சென்று கத்தியது. திருவிடைமருதூரில் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம் புது பெல்ட் மாட்டி, “புது பெல்ட்டு கொஞ்சம் நீளும் பாய். அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் ஒருதரம் வாங்க, இழுத்துக் கட்டித் தர்றேன், அஞ்சு நிமிஷ வேலை” என்றான். மீரா உசேன் வெளியே வந்ததும் மனைவியிடம், மறுபடி வரவழைக்க மெக்கானிக் போடும் தூண்டில் இது என்று விளக்கினார். மில்லில் நாற்பது வருஷம் பெல்ட்டோடு வாழ்ந்தவரிடமா இந்த வேலை? அவர் போகவில்லை. ஆறாம் நாள் பெல்ட் அறுந்தது. இரண்டாவது பெல்ட் நான்கே நாளில் அறுந்தது.

அறுந்த பெல்ட்டுகளை ஆரோக்கியத்தின் கண்ணில் அவர் காட்டவே இல்லை. வண்டியை இழுத்துப்போக டிராக்டர் வருவதற்குள் கழற்றி, பேப்பரில் சுற்றி, கதாநாயகன் சட்டை மாட்டிய அலமாரியில் வைத்துப் பூட்டினார். கேட்டால், தடயம் என்றார். ஆரோக்கியம், பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்து, ஆயில் எங்கேயோ கசிகிறது என்று இன்ஜினுக்கடியில் அரை நாள் படுத்துக் கிடந்தான். இல்லாத கசிவைத் தேடி நேரத்தை ஓட்டுகிறான் என்று மீரா உசேன் அதையும் குறித்துக்கொண்டார். மூன்றாவது பெல்ட்டை மாட்டியபோது, அவன் மாற்றிவிடாமலிருக்க வழியனுப்ப வந்த மகள் வண்டியில் மறந்துவிட்டுப்போன நகப்பூச்சால் அதில் ஒரு புள்ளி வைத்தார்.

இரண்டாவது பெல்ட் அறுந்த அன்று சைத்தூன் பீவி நடுரோட்டில் நின்று கத்தினாள். உளுந்துச்செடியைத் தார்ச்சாலையில் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கத்தியதில் தொண்டை கட்டி, இரண்டு நாள் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காலை, வண்டிக்குப் பின்னால் துணி காயப்போடும்போது, முன்பக்கம் புருஷன் போனில் பேசுவது காதில் விழுந்தது. மறுமுனையில் அறிவுச்செல்வன், பழைய மில்லில் இன்ஜின் ஓட்டியவன்.

“அது கத்த ஆரம்பிச்சா ஊரே திரும்பிப் பாக்குது அறிவு. மானம் போவுது. அதான் மருந்து வச்சேன். ரெண்டு நாளா சத்தமே இல்ல, அடங்கிக் கெடக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

துணி கையிலேயே நின்றது. வீட்டில் அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாத மனுஷன், வண்டியில் ஏறியதிலிருந்து காலையில் தானே டீ போட்டுக் கொடுக்கிறாரே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டைப் பூட்டிவிட்டு இந்தத் தகர டப்பாவில் வாழத் தான் எப்படிச் சம்மதித்தோம் என்பதற்கும் அன்றுதான் விடை கிடைத்தது. டிரைவர் சீட்டுக்கடியில் துழாவியதில், பழைய தைல பாட்டிலில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ இருந்தது. அன்றிலிருந்து டீயைக் குடிப்பதுபோல் பாவனை செய்து வாஷ்பேசினில் ஊற்றினாள். கூத்தாநல்லூரில் இருக்கும் தம்பி ஷேக் பரீதுக்கு, அங்கேயே தங்கிவிடுகிற மாதிரி வந்தாலும் வருவேன் என்று சொல்லிவைத்தாள். பையையும் கட்டினாள்.

இன்று கும்பகோணம் போகிற வழியில் மூன்றாவது பெல்ட்டும் போனது. ஆனால் அறுந்து விழவில்லை. முறுக்கிக்கொண்டு புல்லிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் மீரா உசேனால் அந்தத் தடயத்தை வெளியே எடுக்க முடியவில்லை. டிராக்டர் வந்து பட்டறையில் கொண்டுபோய் விட்டது. சைத்தூன் பீவி பையை மடியில் வைத்துக்கொண்டு, மதிய பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஆரோக்கியம் பெல்ட்டை அறுத்து வெளியே எடுத்து வெயிலில் பிடித்தான். உமியும் வைக்கோல் துணுக்கும் உளுந்துத் தோலும் அப்பியிருந்தன.

“பெல்ட்டா பாய் இது, பொருள்விளங்கா உருண்டையா?” என்றவன் மூக்கருகே கொண்டுபோனான். “குங்கிலியம். வெளக்கெண்ண வேற. அந்தக் காலத்து மில்லுல அகலமான பட்டை பெல்ட்டு வழுக்காம இருக்க மருந்து வப்பாங்க. இதுக்கு யாரு மருந்து வச்சது?”

ஸ்டூலில் இருந்தவள் நிமிர்ந்தாள். கத்தியது பெல்ட். அடங்கிக் கிடந்ததும் பெல்ட். மதிய பஸ்ஸின் நேரம் மறந்துபோனது. அந்த நிமிஷத்தில் புருஷன் ஒரு வார்த்தை, நான்தான் என்று சொல்லியிருந்தால், பாட்டிலோடு சேர்த்து அவரை மன்னித்திருப்பாள்.

மீரா உசேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெல்ட் உன் கடையுடையது, மாட்டிய கையும் உன்னுடையது, என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் என்றார். ஆரோக்கியம் மெதுவாகத் திரும்பினான். அவன் பார்வை சைத்தூன் பீவியிடம் வந்தது. அவள் மடியிலிருந்த பைக்குப் போனது.

“அக்காவுக்கு இந்த வண்டி அவ்வளவா புடிக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றான், யாரையும் குற்றம் சொல்லாதவன் குரலில்.

மீரா உசேன் தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்மேல் வந்த பழி பெண்டாட்டி மேல் ஏறி உட்காருவதை, மழைக்கு ஒதுங்கியவன் பஸ்ஸை எதிர்பார்ப்பதுபோல் பொறுமையாக அனுமதித்தார்.

சைத்தூன் பீவி போனை எடுத்தாள். அறிவுச்செல்வனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அறிவு, முதலாளி பெல்ட்டுக்கு மருந்து வச்சாரே, ஏன் வச்சாரு?”

“ஐயோ, உங்களுக்கும் தெரிஞ்சுடுச்சாம்மா?” என்றது போன். “நான் வேணாம்னுதான் சொன்னேன். மில்லுல ஓடுனது பட்டை பெல்ட்டு. இது பள்ளத்துல உக்காந்து ஓடுறது, இதுக்குப் பசை ஆவாது, ரோட்டுல உள்ள தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டு பெல்ட்டைத் தின்னுடும்னேன். எனக்கே பெல்ட் பாடம் நடத்துறியான்னு வச்சுட்டாரு. தளர்ந்திருந்தா இழுத்துக் கட்டுனா போதும்மா, அஞ்சு நிமிஷம்.”



“ஒரு பரிசோதனைதான்” என்றார் மீரா உசேன்.

ஆரோக்கியம் பெட்ரோல் துணியால் புல்லியின் பள்ளங்களைத் துடைத்தான். நான்காவது பெல்ட்டை மாட்டி, போல்ட்டை முடுக்கிவிட்டு, இங்கே வாங்க என்றான். மீரா உசேன் ஒரு அடி எடுத்து வைத்தார். “நீங்க இல்ல பாய், அக்கா.” கட்டைவிரலால் பெல்ட்டின் நடுவில் அழுத்தச் சொன்னான், அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் போனால் தளர்ச்சி, போகாவிட்டால் இறுக்கம். அவள் அழுத்தினாள். சரியாகப் போனது. இனிமேல் வாரத்துக்கு ஒருதரம் அழுத்திப் பார்ப்பது அக்காவின் பொறுப்பு, பாய் பானெட்டைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினான்.

வண்டி சத்தமில்லாமல் ஓடியது. கும்பகோணம் எல்லையில் ஷேக் பரீதின் போன் வந்தது.

“லாத்தா, பஸ் ஏறிட்டீங்களா?”

“இல்லப்பா, வரல. வண்டியிலதான் கோளாறு. சரி பண்ணியாச்சு.”

மீரா உசேன் வண்டியை மெதுவாக்கினார். எங்கே போவதாக இருந்தாய் என்று கேட்டார். கூத்தாநல்லூருக்கு என்றாள். எதற்கு என்றார். உண்மையைச் சொன்னால், புருஷன் மருந்து வைக்கிறான் என்று பயந்த பெண்டாட்டியின் கதை காஷ்மீர் வரைக்கும், திரும்பி வரும் வழியெல்லாமும் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

அவர் ஓட்டினார். அறிவுச்செல்வனிடம் பேசிய ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது, பையில் என்ன இருக்கிறது, மச்சானுக்கு இதில் என்ன பங்கு என்று ஒவ்வொன்றாக அவர் நெற்றியில் ஏறிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் டீக்கு நிறுத்தியதும், சைத்தூன் பீவியை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி மச்சானைக் கூப்பிட்டார்.

சைத்தூன் பீவி ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.