சூரமங்கலத்துக்கு வாசித்த மூவர்

பெரியநாயகி வாங்கிய இசைத்தட்டு ஒரு நாள் வாசித்ததை மறுநாள் வாசிக்காது. 1974இல் சேலம் ஜங்ஷனில் யாரும் கேட்டு வராத பார்சல்களை ஏலம் விட்டபோது, ஒரு ரெக்கார்டு பிளேயரோடு சேர்ந்து வந்தது அது. அட்டையில் மூன்று பேர். ஒருவர் பியானோவில், ஒருவர் ஆளுயர வயலினைக் கட்டிப்பிடித்தபடி, ஒருவர் டிரம்ஸில். ஏதோ வெளிநாட்டு ஓட்டலில் ஆட்கள் முன்னால் வாசித்த ஜாஸ் கச்சேரியை அப்படியே பதிந்தது என்று போட்டிருந்ததைப் புக்கிங் கிளார்க்கான அவள் எழுத்துக்கூட்டாமலே படித்தாள். செவ்வாயன்று மெதுவாக எடுத்த பாட்டைப் பியானோக்காரர் புதனன்று விரட்டிக்கொண்டு போனார். ஊசி தேய்ந்திருக்கும் என்று அவள் கணவர், குட்ஸ் வண்டி கார்டு சுவாமிநாதன், புது ஊசி மாட்டினார். மூவரும் இன்னும் வேகம் பிடித்தார்கள். சூரமங்கலம் ரயில்வே காலனியில், அதுவரை சாப்பாட்டைத் தவிரப் பேச விஷயமில்லாத வீடு அது. அதன்பின் அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்கு எப்படி வாசித்தார்கள் என்பதுதான்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. 1982 பங்குனியில், பாட்டு முடிந்ததும் தட்டுக்குள் கைதட்டுகிறவர்கள் குறைவதைப் பெரியநாயகி கவனித்தாள். அங்கிருந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி நகர்வதும் கதவு சாத்துவதும் கேட்டது. சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரே ஒருவர்தான் கைதட்டினார். பியானோ மூடி டொக்கென்று இறங்கியது. அவள் கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, காலனி ஆளுகளக் கூட்டியாங்க. தட்டு முடிய இன்னும் ஒரு விரக்கடை இருக்குது."

சுவாமிநாதன் பனியனோடு ஓடினார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் காத்தான் சாப்பிட்ட கையைக் கழுவாமல் வந்தார். நாற்பது பேர், எதற்கென்று கேட்காமல், உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். தட்டுக்குள் வாசல்வரை போன காலடி நின்றது. எந்த ஊர்க்காரர்கள் நீங்கள் என்று பியானோக்காரர் இங்கிலீஷில் கேட்டார்.

"சேலமுங்க," என்றாள் பெரியநாயகி.

"சேலம்," என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மூடி திறந்தது. அந்த ஒரு விரல் அகலத்திலேயே ஊசி இரண்டு மணி நேரம் ஓடியது. காத்தான் எழுந்து ஆடினார்.

பிறகு ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு அவள் வீட்டு முன்னால் பெஞ்சு போட்டார்கள். அந்த நேரம் கைதட்டப் பத்துப் பேருக்குக் குறையாமல் காலனியில் இருக்கும்படி ஸ்டேஷனிலும் டியூட்டி போட்டுக்கொடுத்தார்கள்.