மஸ்கெக்கில் மாட்டிய எந்திரம்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. வடக்கே, பனி கொட்டும் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் எங்கள் ஊர்க் கூடத்தில், சாலை போட வந்த கம்பெனிக்காரன் வரைபடத்தில் விரலை வைத்து, "இது வெறும் மஸ்கெக். இங்க ஒண்ணுமே இல்ல" என்றான்.

பின்னால் கைக்குழந்தையோடு நின்ற வின்னி சத்தமாகக் கேட்டாள்: "அப்ப எம்புள்ள எதுல மூத்திரம் போறான்?"

கூடமே சிரித்தது. அவனுக்கு மட்டும் விளங்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி இப்படி வந்தது: "வின்னியின் வாழ்க்கை சதுப்பில் சிக்கிய—"

அடித்துவிட்டேன். பாருங்கள், என் புத்தியும் அங்கேதான் போகிறது! ஊழல் சகதி, கடன் புதைகுழி, ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைக்கச் சேறு. ஈர நிலம் நமக்கு என்னதான் பாவம் செய்தது?

மஸ்கெக் இங்குள்ள க்ரீ பழங்குடி மக்களின் சொல். மிதித்தால் மெத்தையாய் அமுங்கும், காலை எடுத்தால் தண்ணீர் ஊறும் பாசி நிலம். ஆங்கிலக்காரன் அந்தச் சொல்லை இரவல் வாங்கி, வண்டியை விழுங்கும் வீண் நிலம் என்று அர்த்தம் வைத்துக்கொண்டான். இரவல் பொருள்மேலேயே துப்புகிற ஜென்மங்கள்!

[இடையில் ஒரு குறிப்பு: வின்னி வீட்டில் மஸ்கெக் என்றால் தேநீர் இலை, புளிப்புப் பழம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாசி. அதைப் புதர்மேல் உலர்த்தி, கலந்திருக்கும் குச்சிகளைப் பொறுக்கி எறிந்து, துணிப்பையில் நிரப்பி, பிள்ளையை அதற்குள் வைத்துக் கட்டுவார்கள். ஈரத்தைப் பாசி குடித்துவிடும். கடையில் வாங்கும் டயப்பர் கட்டினால் குழந்தை சைலஸுக்குத் தோல் வெந்துபோகிறது. பாசியில்தான் தூங்குகிறான்.]

3

வின்னியின் புருஷன் கோர்டனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதே கம்பெனியில் மண் தோண்டும் எந்திரம் ஓட்டுகிறான். சின்ன வயதிலிருந்து பனிவண்டி ஓட்டிய தடமாயிற்றே என்று நம்பி, முதல் பனி விழுந்ததுமே எந்திரத்தை அதில் இறக்கினான். மேலே வெள்ளை. அடியில் இன்னும் உறையவில்லை. வின்னி பாசி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எந்திரம் ஜன்னல்வரை புதைந்துவிட்டது.

மேஸ்திரி சொன்னான்: "வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடி. எந்திரம் வெளிய வரணும். இல்லன்னா நீ வெளிய."

வாய்க்கால் பாசி வழியாகத்தான் போக வேண்டும். வடிந்தால் பாசி செத்துவிடும்.

அன்று அவர்கள் அடுப்படியில் நானும் இருந்தேன்.

"நீ மாட்டிக்கிட்ட. எம்பாசி என்ன பண்ணுச்சு?"

"வேல போச்சுன்னா என்னடி திம்போம்?"

"மூஸ் மான் கறி. துப்பாக்கி எந்தப் பக்கம் சுடும்னாச்சும் ஞாபகம் இருக்கா?"

கோர்டன் சிரித்துவிட்டான். பிறகு மெல்ல, "வேற எடத்துல பாசி இல்லியா?" என்றான்.

"இருக்கு. அங்கயும் ஒருத்தன் வந்து, ஒண்ணுமே இல்லம்பான்."

4

முடிவு, முதல் முயற்சி: கோர்டன் மண்வெட்டியை வீசி எறிகிறான், ஊரே கைதட்டு—

பொய். கைதட்டுகிறவர்கள் வேலை தருவார்களா?

இரண்டாவது: வின்னி குழந்தையோடு குறுக்கே படுக்கிறாள். இதை அவளிடமே சொல்லிக் காட்டினேன். "நான் எதுக்கு ஈரத்துல படுக்கணும்? கதை உன்னுதுதான அக்கா, அந்தக் கம்பெனிக்காரனப் படுக்க வையேன்!"

மூன்றாவது: எந்திரம் முழுசாக மூழ்கி, பாசி மூடி— இது எனக்கு இனிக்கிறது. ஆனால் வேலை போவது கோர்டனுக்குத்தான். என் ஆத்திரத்துக்கு அவனைப் பலி கொடுக்க மாட்டேன்.

5

முடிவு எழுத மாட்டேன். ஏன் நான் எழுத வேண்டும்? ஒன்றுமே இல்லை என்று சொன்னது நானா?

இப்போது கோர்டன் மண்வெட்டியோடு நிற்கிறான். காலடியில் தண்ணீர் ஊறுகிறது. மேஸ்திரி கத்துகிறான். வின்னி குனிந்து, பனியை ஒதுக்கிப் பாசி பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசகரே, அந்த மண்வெட்டியைப் பிடியுங்கள். வெட்டுவதென்றால் வெட்டுங்கள். அதற்கு முன்னால் சைலஸை அந்தப் பாசிப் பையிலிருந்து எடுத்து, உங்கள் மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மடி நனைந்த பிறகு சொல்லுங்கள், அங்கே ஒன்றுமே இல்லையென்று.