யோசப்பினின் கண்ணீர் அஞ்சலி

குருநகரில் யோசப்பினைத் தெரியாத ஆள் இல்லை. தெரிந்து என்ன பிரயோசனம்? பங்குத் திருநாள் கூத்தில் ராணி, கொழும்பு மேடையில் வேலைக்காரி, சண்டை முடிந்தபிறகு வந்த படங்களில் ஒப்பாரி வைக்கிற கிழவி. ஒரு சுவரொட்டியிலாவது அவள் முகம் வந்ததா? ஊகூம். கதாநாயகன் வருவான், அவனுடைய மோட்டார் சைக்கிளும் வரும், இவள் வரமாட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது அண்ணை செபநாயகம்தான். தகப்பன், அவர்களுடைய அப்பு, செத்த அன்றைக்கு இவள் கொழும்பில் மேடையில் நின்றாள். செய்தியே நாடகம் முடிந்தபிறகுதான் கிடைத்தது. சண்டையால் ஊருக்கு வருகிற பாதையும் பூட்டியிருந்த காலம். சொன்னால் யார் கேட்டார்கள்? "தேப்பன் செத்துக்கிடக்க, முகத்திலை பூசிக்கொண்டு ஆடினவள்" என்று சொல்லிவிட்டு அண்ணை பருத்தித்துறைக்கு, பெண்சாதி வீட்டோடு போய்விட்டார். அதற்குப்பிறகு ஒரு சொல் இல்லை. கண்ணை மூடுமுன் அவர் வாயால் ஒருக்கால் 'தங்கச்சி' என்று கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

இந்த நேரத்தில்தான் சயந்தன் என்ற பொடியன் தான் எடுக்கிற படத்துக்கு அவளைக் கூப்பிட்டான். தாய் வேடம், பாதிப் படத்தில் செத்துப்போவாள். செத்தவீட்டுக் காட்சிக்காக ஒழுங்கைச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். ஊரில் மெய்யாகச் செத்தவர்களுக்கு ஒட்டுவது போலவே கறுப்புக் கரை, நடுவில் அவள் படம். கதையில் வருகிற பெயரைப் போடப் போனவனை இவள்தான் மறித்தாள்.

"என்ரை பேரையே போடு தம்பி. ஒருக்காலாவது சுவரிலை கிடக்கட்டும்."

படப்பிடிப்பு முடிந்து பொடியள் கிழிக்க வந்தபோதும் விடவில்லை. "நாலு நாள் இருக்கட்டும் விடுங்கோவன். நான் என்ன, உண்மையாச் செத்தே போனன்?" என்று சிரித்தாள். ஆசை, வேறென்ன! கோயிலுக்குப் போகிற சாட்டில் அந்த ஒழுங்கையாலேயே போய்வந்தாள்.

ஊர்ச் சனத்துக்கு விஷயம் தெரியும். ஆனால் ஊர்வம்பு தேடுகிற எவரோ ஒரு விடுப்புக்காரர் அந்த அஞ்சலியைப் போனில் படம்பிடித்து அனுப்ப, அது பருத்தித்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு பூசை கண்டு வந்து குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

"ஐயோ, என்ரை தங்கச்சி! என்ரை குஞ்சு! உன்னோடை ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்திட்டனே, பாவி நான்!"

அண்ணையின் குரல். உடனே ஓடிப்போயிருக்க வேண்டும். போனாளா? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். சின்னனில் அவளைத் தோளில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனதை, அப்பு விஷயத்தில் அவசரப்பட்டுக் கதைத்ததை, அவர் சொல்லிச் சொல்லி அழுதார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள். இத்தனை வருசப் பசி, என்ன செய்வாள்?

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா ஓடிவந்தாள். "அண்ணை, அழாதேங்கோ! அது படத்துக்கு ஒட்டினது. யோசப்பின் உள்ளுக்கைதான் நிக்கிறா."

அழுகை சட்டென்று நின்றது. யோசப்பின் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்துப்போய், கையில் மலர்வளையத்தோடு அண்ணை நின்றார்.

"நான் அழேக்கை உள்ளுக்கையோ நிண்டனி?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "ஓம்."

"நிண்டு கேட்டனி."

"ஓம் அண்ணை. நீங்கள் தங்கச்சி எண்டு கூப்பிட..."

அவர் காலடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எந்த மேடையிலும் அவள் அப்படி அழுததில்லை.

செபநாயகம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் நடிக்கிறாய்" என்றார். பிறகு லூர்த்தம்மாவிடம் திரும்பினார். "இனி இவள் மெய்யாச் செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதேங்கோ. நான் அழுது முடிச்சிட்டன்."

மலர்வளையத்தை வாசலில் வைத்துவிட்டு அவர் ஓட்டோவில் ஏறினார்.