டிங்டிங்கின் அறையில் ஒரு திமிங்கலம்

"சாய்ங்கப்பா, கொஞ்சம் சாய்ங்க! அட, தலைப்பக்கம் இல்லை, கால்பக்கம்!" என்று கோன்சிங் அத்தை கத்தினாள்.

சவப்பெட்டி நடையிலிருந்து கூடத்துக்குள் திரும்ப முடியாமல் மூன்றாவது முறையாகச் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர் அவளுடைய தம்பி ருஃபினோ. அறுபத்து நான்கு வருடம் யாராலும் ஒரு பக்கம் சாய்க்க முடியாத மனிதர். கால்பக்கத்தைத் தாங்கியிருந்த மருமகன் நெஸ்டருக்கு விரல்கள் மரத்துவிட்டன.

"டிங்டிங் ரூம் நேராத்தானே இருக்கு, அங்கயே வைங்க. அப்பா போன வாரம் பூரா அங்கதானே கெடந்தாரு," என்றாள் நெஸ்டரின் மனைவி ஜோவலின்.

அப்படித்தான் ருஃபினோ, பேத்திக்காகத் தான் பாதி வண்ணம் அடித்து வைத்திருந்த அறைக்கே வந்து சேர்ந்தார். டிங்டிங்குக்கு ஆறு வயது முடிந்து, இனி தனியாகத் தூங்குவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரே நிபந்தனை, அறைக்குள் கடல் வேண்டும். மூன்று சுவர்கள் நீலமாகிவிட்டன. ஒன்றில் மீன்கள், ஒன்றில் ஆமை, ஒன்றில் திமிங்கலம். நான்காவது சுவர் வெள்ளையாகவே நின்றது. அதை ஒட்டிப் பெட்டியை வைத்தார்கள்.

வம்பெல்லாம் அந்தத் திமிங்கலத்தால்தான். நீலம் தீர்ந்துபோய், மிச்சமிருந்த சிவப்பைக் கலந்ததில் அது ஊதாவாகிவிட்டது. எட்டிப் பார்த்த நெஸ்டர், "மாமா, கடல்ல எப்பலேர்ந்து கத்தரிக்காய் வெளையுது?" என்று கேட்டுவிட்டான். டிங்டிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ருஃபினோ தூரிகையைக் கீழே வைத்தார். இரண்டு நாள் மருமகனோடு பேச்சில்லை. ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, "உங்கப்பாகிட்ட அந்த உப்பை வாங்கிக் குடு" என்று பேத்தியிடம் சொல்வார். மூன்றாம் நாள் காலை வண்ணக் கடைக்குப் போனார். வாங்கியதும் கடை வாசல் பெஞ்சில், "மூச்சு வாங்குது, செத்த உக்காந்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த கடைக்காரர், அவர் வாங்கி விட்டுப்போன சிறிய டப்பாவைக் கையோடு கொண்டுவந்து நெஸ்டரிடம் கொடுத்தார்.

"கறுப்பு கேட்டாரு தம்பி. பெரிய கண்ணா வெச்சாத்தான் என் மருமகனுக்கு அது திமிங்கலம்னு வெளங்கும்னாரு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நெஸ்டரும் சிரிக்கப் பார்த்தான். டப்பாவை ஜன்னலில் வைத்தான்.

அந்த ஊர் வழக்கப்படி, பதப்படுத்திய உடலோடு ஏழு நாள் பெட்டி வீட்டில் இருந்தது. அடக்கம் முடியும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்ததால், பிஸ்கட் தூளும், வந்தவர்கள் கொறித்துப் போட்ட தர்பூசணி விதைத் தோலும் நடப்பவர் காலடியில் நொறுங்கின. வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டியின் கண்ணாடி வழியே ருஃபினோவைப் பார்த்து, பிறகு திரும்பித் திமிங்கலச் சுவரைப் பார்த்தார்கள்.

"பாவம், கத்தரிக்காய்னா அவருக்கு உசுரு," என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோட்டம் வெச்சிருந்தாரோ?" என்று மெல்லக் கேட்டார்.

"கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு, ஃபாதர்," என்றாள் ஜோவலின்.

"ஓ, அதான்."

"ஃபாதர், அது திமிங்கலம்!" என்றான் நெஸ்டர்.

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பினார்கள்.

"எங்க மாமா வரைஞ்ச திமிங்கலம். கண்ணு மட்டுந்தான் பாக்கி."

பாதிரியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். "ஆமா, ஆமா. பைபிள்ல வர்ற யோனாவை முழுங்கற அளவு இருக்கே," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

நெஸ்டர் டப்பாவைத் திறந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண் வைத்தான். அது கொஞ்சம் கோணிக்கொண்டது.

டிங்டிங் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இப்ப கண்ணு வெச்ச கத்தரிக்காய் மாதிரி இருக்குப்பா."

முதலில் ஜோவலின்தான் சிரித்தாள். அவளோடு அறையே சிரித்தது. அவள் சிரிப்பு மட்டும் பாதியில் வேறாக மாற, அவள் பெட்டிமேல் கவிழ்ந்து விம்மத் தொடங்கினாள். அப்பா இறந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். "கண்ணாடில கண்ணீர் விழப்படாது," என்று அத்தை அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இந்த வெள்ளைச் சுவத்துல ஆக்டோபஸ் வரும்னு லோலோ சொன்னாரே," என்றாள் டிங்டிங். தாத்தாவை அவள் லோலோ என்றுதான் கூப்பிடுவாள்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள்.

"பெருக்கத்தான் கூடாது. பெயிண்ட் அடிக்கப்படாதுன்னு யாரும் சொன்னதில்லை."

அதன்பிறகு வந்தவர்கள் செபம் சொன்ன கையோடு தூரிகையும் எடுத்தார்கள். பெட்டிக்கு மேலாக எக்கி எக்கி வரைந்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் ஆளுக்கொரு கால் போட்டார்கள். காலின் எண்ணிக்கையில் சண்டை வந்தபோது, "தெனம் அறுக்கறவ நான் சொல்றேன், எட்டு!" என்று மீன்காரி தீர்ப்பு சொன்னாள். தலையை வரைந்தது அத்தை. அதற்குத் தம்பியின் மூக்கையே வைத்தாள். ஆக்டோபஸுக்கு மூக்கு கிடையாது என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, மத்தியானம் வீடு திரும்பினார்கள். நெஸ்டர் மகளின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவன் அப்படியே நின்றான்.

பெட்டி இருந்த இடத்தில் யாருடைய கையும் எட்டியிருக்கவில்லை. சுவரின் அடிப்பகுதி ஓர் ஆள் நீளத்துக்கு வெள்ளையாகவே இருந்தது. எட்டுக் கால்களும் அதன் விளிம்புவரை வந்து ஒரே கோட்டில் நின்றுபோயிருந்தன.

"கட்டிலை அங்க போட்டுட்டா வெளிய தெரியாது," என்றாள் பின்னால் வந்த ஜோவலின்.

நெஸ்டர் கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாகத் தள்ளினான். சடங்குக்குப் போட்ட ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்த வெள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு காலின் நுனியில் தூரிகையை வைத்தான்.