போர்மேன் ஓடினால்

பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டி நூறடி நடந்து, வேலிக்கருவை மறைவில் நின்று, சங்கிலிமுத்து வேட்டியை அவிழ்த்து மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தார். வேட்டிக்கு உள்ளே தயாராகக் காக்கி அரைக்கால் சட்டை இருந்தது. விருதுநகர் கடைக்காரர் எடுத்துப் போட்ட பளபளப்பான நைலான் டவுசரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெடிமருந்து புழங்குகிற இடத்தில் நைலான் ஆகாது, உரசினால் பொறி வரும் என்று சொல்லி, பளபளக்கும் சேலை கட்டி வந்த பெண்களை இருபத்திரண்டு வருடமாக வாசலிலேயே திருப்பி அனுப்பிய போர்மேன் அவர். ஓடுவதற்கென்று அந்தச் சட்டத்தை மாற்ற முடியுமா? ஆமத்தூர் டெய்லரிடம் பருத்தித் துணி கொடுத்துத் தைத்துக்கொண்டார். யாருக்கு என்று டெய்லர் கேட்டதற்கு, மச்சினன் பையனுக்கு என்று சொல்லிவிட்டு, தன் இடுப்பையே அளவு கொடுத்துவிட்டு வந்தார். இப்போது ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

போன வருடம் இந்நேரம் அவருக்கு ஓட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சர்க்கரை முந்நூற்று இருபது என்று டாக்டர் சொன்னதால் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் நாய் துரத்தியது. நாய் நின்ற பிறகும் அவர் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தபோது நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக உடம்பு தன்னுடையது போலத் தோன்றியது. அன்றிலிருந்து விடியும் முன்பே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் ஓடிவிட்டு வருவார். மனைவி சோலையம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாலும், ராகிக் கஞ்சி கரைத்து வைக்கத் தவறியதில்லை.

ஜனவரி இருபத்தாறாம் தேதி விருதுநகரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நிற்காமல் ஓடி முடிக்கிற எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. வீட்டில் தூக்குவாளிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. அவர் மனதில் இருந்தது வேறு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு முறை ஓடியிருக்கிறார். இரண்டு முறையும் முதுகுக்குப் பின்னால் ஷெட் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. கூட ஓடி வந்தவர்களில் சிலர் வந்து சேரவில்லை. ஒன்றுமே வெடிக்காத ஒரு நாளில், யாரும் சாகாத ஒரு நாளில், ஐந்து கிலோமீட்டர் சும்மா ஓடிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆனதும் கால் வேலைநிறுத்தம் செய்துவிடும். என்ன கெஞ்சினாலும் மூன்றுக்கு மேல் போகாது. இதற்கிடையில் தீபாவளி சீசன் வந்து, கம்பெனி வேன் ஐந்தே முக்காலுக்கே வாசலில் ஹாரன் அடிக்க, காலை ஓட்டமும் போயிற்று. அதனால்தான் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு ஓடியே போய்விடுவது என்று முடிவு செய்தார். டிவிஎஸ் ஐம்பதில் அளந்து பார்த்ததில் கேட்டிலிருந்து அவர் ஊரான ஆமத்தூர் எல்லைக்குச் சரியாக ஐந்து கிலோமீட்டர்.

எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவரே ஒரு பாடம் சொல்லுவார். போர்மேன் ஓடினால் நீயும் ஓடு. ஏன் என்று கேட்காதே, திரும்பிப் பார்க்காதே, செருப்பையும் தூக்குச்சட்டியையும் தேடாதே, ஓடு. இதை அவர் சொல்லுவதோடு விடமாட்டார். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். தப்பாகச் சொன்னால் அன்று வேலை கிடையாது.

ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். பின்னால் கம்பெனி வேன் வந்தது. அதில் அன்றைய முதல் நடையாக வீடு திரும்பும் இருபத்தைந்து பெண்கள் இருந்தார்கள். முன் சீட்டில் குருவம்மாள். பதினெட்டு வருடமாகச் சரவெடி பின்னுகிறவள், பாடத்தைப் பிசகாமல் சொல்லக்கூடியவள். அவள் கண்ணில் பட்டது வேட்டிகூட இல்லாமல் தலைதெறிக்க ஓடுகிற போர்மேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஓடுகிற வேனிலிருந்து குதித்தாள். மற்றவர்களும் குதித்தார்கள். டிரைவர் வேனை நடுரோட்டில் விட்டுவிட்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். காலடிச் சத்தம் கேட்டு சங்கிலிமுத்து திரும்பிப் பார்த்தார். கம்பெனித் திசையிலிருந்து இருபத்தைந்து பேர், ஒருவர் கையிலும் தூக்குச்சட்டி இல்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறார்கள். கம்பெனியில் வெடித்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். எந்த ரூம் என்று தெரியவில்லை. அவர் வேகத்தைக் கூட்டினார். அவர் கூட்டியதைப் பார்த்து அவர்கள் கூட்டினார்கள். வழியில் இருந்த இன்னொரு கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்து, ஏற்றிய பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

ஆமத்தூர் எல்லையில் எல்லோரும் விழுந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். வானத்தில் புகை இல்லை. எங்கே வெடித்தது என்று சங்கிலிமுத்து குருவம்மாளைக் கேட்டார். அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றாள் அவள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவள் பார்வை மெதுவாக இறங்கிக் காக்கி டவுசரில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும்தான் ஐந்து கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடியிருக்கிறோம் என்பது உறைத்தது. சோலையம்மாளிடம் சொன்னார். அவள் வெந்நீர் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பயந்து ஓடுனதெல்லாம் கணக்குல வராதுங்க. அதத்தான் ஏற்கெனவே ரெண்டு வாட்டி ஓடிட்டீகளே."

அவள் சொன்னது சரிதான் என்பதுதான் அவருக்கு வலித்தது.

மறுநாள் முதலாளி இராமகிருஷ்ணன் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்துக் கம்பெனிக்காரர் போனில் கத்திய கத்தில் காது இன்னும் சூடாக இருக்கிறது என்றார். வடக்கே போக வேண்டிய ஆர்டர் ஒரு நாள் தள்ளிப்போயிற்றாம். சங்கிலிமுத்து தலைகுனிந்து நின்றார். ஓட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கண் கலங்கிவிட்டது. முதலாளிக்கும் சர்க்கரை உண்டு. சர்க்கரை போடாத டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஓடுறது ஒன் இஷ்டம்யா சங்கிலி. ஆனா கம்பெனிக்கு முதுகக் காட்டி ஓடாத. ஓடணும்னா கம்பெனியப் பாத்து ஓடு. அதப் பாத்து எவன் பயப்படப் போறான்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த நாள் விடியற்காலை வேனுக்குக் காத்திராமல், வீட்டிலிருந்து கம்பெனியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். தெருக் குழாயடியில் நைட் வாட்ச்மேன் மனைவி வள்ளித்தாய் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஓடி வருகிறவன் தப்பித்தவன். கம்பெனியைப் பார்த்து ஓடுகிறவனுக்கு உள்ளே யாரோ இருக்கிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது அவள் புருஷன் ஒருவன்தான். குடத்தைப் போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். சங்கிலிமுத்து நின்று, ஒன்றுமில்லை தாயி, ஒன்றுமில்லை என்று சொன்னார். அதுதான் வினையாயிற்று. விபத்தில் செத்தவர் வீட்டில் சேதி சொல்லப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். எதிரே வந்த பால்காரரிடம் சைக்கிளைத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டு போனாள். கேட்டில் அவள் புருஷன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவனை உயிரோடு பார்த்த ஆத்திரத்தில் அவள் வைத வசவு மருந்து ரூம் வரைக்கும் கேட்டதாம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சங்கிலிமுத்து தனியாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போகவும் முடியாது, வரவும் முடியாது. இந்த ஊரில் ஓடுகிற காலுக்கு இரண்டே அர்த்தம்தான் என்றால் மனிதன் என்ன செய்வது? குருவம்மாள் கை கழுவ வந்தவள் நின்றாள்.

"வட்டமா ஓடுங்கண்ணே. வட்டமா ஓடுற ஆளு எங்கயும் தப்பிச்சுப் போகலன்னு எங்களுக்குத் தெரியும்ல."

கம்பெனிக்குப் பின்னால் கண்மாய் வறண்டு கிடந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. உள்ளே கரையை ஒட்டிப் பன்னிரண்டு சுற்று என்றால் ஐந்து கிலோமீட்டர். சாயங்காலம் முதல் நடை வேன் போய்த் திரும்பி வருகிற வரைக்கும், இரண்டாம் நடைக்காரர்கள் அந்தக் கரையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முப்பது பேர், மடியில் முப்பது தூக்குச்சட்டி. குருவம்மாளும் அன்று வேண்டுமென்றே இரண்டாம் நடைக்கு நின்றுகொண்டாள். எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. சங்கிலிமுத்து கூச்சத்தோடு ஓட ஆரம்பித்தார். முதல் இரண்டு சுற்றுக்குச் சிரித்தார்கள். அப்புறம் அலுத்துப்போய்ச் சினிமாக் கதை பேச ஆரம்பித்தார்கள். யாரும் தன்னைக் கவனிக்காதது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

எட்டாவது சுற்றில், வழக்கம்போலக் கால் மறுத்தது. நின்றார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். தலையை நிமிர்த்தியபோது முகம் தற்செயலாக ஷெட்டுகளைப் பார்த்தபடி இருந்தது.

கரையில் பேச்சு நின்றுவிட்டது. முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். சேலையை இழுத்துச் செருகினார்கள். ஒருத்தி தூக்குச்சட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். எல்லாக் கண்ணும் அவர் மேல் இருந்தது.

"அண்ணே, நிக்காதீக" என்றாள் குருவம்மாள். "நீங்க நின்னு அங்கன பாத்தா எங்களுக்கு நெஞ்சு அடைக்குது."

அவர் ஓடினார். கரையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது சுற்று. கால் கெஞ்சியது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். பத்து. சினிமாக் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. பதினொன்று. யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டாவது முடிந்தபோது, ஐந்து கிலோமீட்டர், நடுவில் ஒரு தடவை நின்றிருந்தாலும் பயமில்லாமல், என்று கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சு இல்லை. நிற்கவும் தைரியம் இல்லை. வேன் இன்னும் வரவில்லை. வெயில் தாழ்ந்து ஷெட்டுகளின் கூரை மேல் கிடந்தது, ஒரு சத்தமும் இல்லை. பதிமூன்றாவது சுற்றில் அவர் திரும்பியபோது, கரையில் குருவம்மாள் தூக்குச்சட்டியைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.