முந்திப் படித்த கடைசி வரி

பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் தலைச்சன்களுக்கு நோன்பு. வீட்டுக்கு மூத்தவனாகப் பிறந்த ஒவ்வோர் ஆணும் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். தலைச்சன் பொடியனாக இருந்தால் அவனுக்குப் பதிலாக அவனுடைய அப்பா பட்டினி கிடக்க வேண்டும். ஆனால் சமர்கந்து நகரத்து யூதர் பேட்டைக்காரர்கள் சும்மா பட்டினி கிடக்கிற ஆட்களா? அதற்கும் ஒரு வழி உண்டு. அன்று காலை யாராவது ஒரு பாடநூலைக் கடைசி வரிவரை படித்து முடித்தால், அது கல்யாணத்துக்குச் சமமான சந்தோஷம். முடித்தவனோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடத்தான் வேண்டும். சாப்பிட்டால் நோன்பு போச்சு. இந்தப் பேட்டையில் அப்படி முடித்து வைக்கும் பொறுப்பு பள்ளிப் பிள்ளைகளுடையது.

இந்த வருஷம் அந்தப் பெருமை அம்னூனுக்கு. பத்து வயது. வாத்தியார் நிசோனின் பள்ளியில் அவனைப் போல ராகம் இழுத்துப் படிக்க ஆள் கிடையாது. வாத்தியாரை எல்லோரும் ‘கல்ஃபா’ என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்தும் விடியாததுமாகப் பிள்ளைகள் கம்பளத்தில் சம்மணம் போட்டு, இரண்டிரண்டு பேராக ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடித் தோரா என்கிற வேதப் பாடம் படிப்பார்கள். அவர்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தெருச் சேவல்களுக்கே வேலை போய்விட்டது என்று பேட்டையில் கேலி பேசுவார்கள்.

அம்னூனுக்குக் கூட்டாளி ஹிஸ்கியோ. ஆண்டவன் எந்த நேரத்தில் இந்த ஜோடியைச் சேர்த்தானோ! அம்னூன் பக்கத்தைப் புரட்டத் துடிப்பான். ஹிஸ்கியோ உள்ளங்கையை வைத்துப் பக்கத்தை அமுக்கிக்கொள்வான்.

“இருடா. தொலைஞ்சுபோன கழுதையைக் கண்டெடுத்தவன் அதுக்குத் தீனி போட்டு வச்சிருக்கணும்னு இருக்கே. அந்தக் கழுதை ரொம்பத் தின்னா?”

“தின்னுட்டுப் போகுது! நீயா தீனி போடுறே? அடுத்த வரிக்கு வா.”

“கழுதைக்காரன் வரவே இல்லைன்னா?”

“அப்ப உன்னைக் கொண்டுபோய்க் கட்டுவாங்க அந்த இடத்துல. வாடான்னா!”

அந்தச் சின்ன நூல் முழுக்க இப்படித்தான். தொலைந்த பொருள், கூலியாள், பக்கத்து வீட்டுச் சுவர் என்று அக்கம்பக்கத்தார் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கான சட்டங்கள். அம்னூன் கடைசி வரியை எட்டியபோது ஹிஸ்கியோ அதற்கு முந்தின பத்தியிலேயே தலையைச் சொறிந்துகொண்டு கிடந்தான்.

கல்ஃபா அம்னூனின் காதைச் செல்லமாகப் பிடித்துத் திருகினார். “கடைசி வரியை மிச்சம் வச்சிரு. நாளைக்குக் காலைல ஜெபக்கூடத்துல எல்லார் முன்னாலயும் நீதான் படிச்சு முடிக்கணும். அதுவரைக்கும் அந்த வரிப் பக்கம் கண்ணே போகக்கூடாது. புரியுதா?”

“புரியுது கல்ஃபா.”

புரிந்தது, ஆனால் பொறுக்கவில்லை. பஸ்காவுக்கு வீட்டில் புளித்த மாவு ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது என்பதால், அன்று பொழுது சாய்ந்ததும் அதைத் தேடும் சடங்கு. அப்பா மனாஷே ஒரு கையில் மெழுகுவத்தியும் மறு கையில் கோழி இறகுமாக மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடினார். தேடினால் கிடைக்க வேண்டுமே என்று அம்மா ஒளித்து வைத்த துண்டுகளை அவளே கண்ஜாடை காட்டிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து மிச்ச மெழுகுவத்தி அம்னூன் கையில் தங்கியது. புத்தகம் அலமாரியில் இருந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நாளைக்குத் தடுமாறிவிடக் கூடாதே, ஒரு தடவை பார்த்து வைத்தால் என்ன என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, கடைசி வரியை ராகம் போட்டு மளமளவென்று படித்துவிட்டான். படித்துப் புத்தகத்துக்கு முத்தம் கொடுத்து மூடிய பிறகுதான் உறைத்தது. ஐயையோ, நூல் முடிந்துவிட்டது! நாளைக்கு முடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் ஜெபக்கூடத்து முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் தயாராகிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கென்று பெண்கள் மூன்று முறை பொறுக்கிச் சுத்தம் செய்த அரிசி, கேரட், கொழுத்த ஆட்டுக்கறி. வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்து ஜெபத்துக்கு நடுவிலேயே ஆட்களைக் கலங்கடித்தது. அம்னூனின் தாய்மாமன் பின்ஹாஸ்தான் எல்லோரையும்விடப் பரிதாபமாக இருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கைவரை நீலம் ஏறிய கை, அண்டா மாதிரி வயிறு. அவரும் தலைச்சன்.

“மாப்ளே, வேகமாப் படிச்சிருடா. மாமன் வயித்துல மணி அடிக்குது” என்று அம்னூனின் தோளைத் தட்டினார்.

அம்னூன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றான். புது மேலங்கி, பூவேலை செய்த தொப்பி. நடுக்கூடத்தில் இருந்த மர மேடையில் ஏறினான். கீழே பார்த்தால் எல்லா முகமும் அவனையே பார்த்தது. சொல்லாமல் விட்டால் ஒரு ஈ எறும்புக்கும் தெரியாது. வரியைப் படித்தால் கைதட்டல், புலாவ், சந்தோஷம். ஆனால் முன்வரிசையில் அப்பா நின்றார். அப்பா தலைச்சன் இல்லை, அவர் மூன்றாமவர். அவனுக்காகத்தான் வெறும் வயிற்றோடு நிற்கிறார். பொய்யான முடிப்பை நம்பி அவர் நோன்பை முறித்தால் அந்தப் பாவம் யார் தலையில்?

“ஆரம்பி கண்ணு” என்றார் கல்ஃபா.

“கல்ஃபா... நான் நேத்தே முடிச்சிட்டேன்.”

“எதை?”

“கடைசி வரியை. ராத்திரி படிச்சிட்டேன். இப்ப முடிக்க ஒண்ணும் இல்லை.”

வெளியே கொப்பரையில் கரண்டி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் பின்ஹாஸ் மாமாதான் வாயைத் திறந்தார்.

“அடேய் முந்திரிக்கொட்டை! நாளும் கிழமையுமா என் வயித்துல அடிச்சிட்டியேடா!”

பின்னாலிருந்து ஒருவர், “பையன் பேசாம படிச்சிருந்தா நமக்குத் தெரியவா போகுது?” என்று முனகினார்.

“சொல்லிட்டானே. சொன்னதுக்கு அப்புறம் என்ன பேச்சு?” என்றார் மனாஷே. குரலில் கோபமே இல்லை. அதுதான் அம்னூனை அழ வைத்தது.

“கல்ஃபா, நீங்க ஏதாவது முடிச்சு வைங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினார் பின்ஹாஸ்.

“நானா? நான் எடுத்திருக்கிற நூல்ல இன்னும் பாதிக் கிணறுகூடத் தாண்டல. ஏன், நீங்கள்லாம் தினமும் படிக்கிறீங்கல்ல? யாருக்காவது முடியுற தறுவாயில இருக்கா?”

தினமும் படிக்கிறேன் என்று மனைவியிடம் மார்தட்டிக்கொள்கிற அத்தனை பேரும் கூரையின் வேலைப்பாட்டை ஆராய ஆரம்பித்தார்கள். முற்றத்திலிருந்து சமையல்காரர் தலையை நீட்டி, “இன்னும் கொஞ்ச நேரம் போனா சோறு குழைஞ்சிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது, ஆமா” என்றார்.

அம்னூன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மேடைமேல் நிற்கிற பெருமையை விட்டுக்கொடுக்க அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னான்.

“ஹிஸ்கியோவுக்கு மிச்சம் இருக்கு கல்ஃபா. கடைசிப் பத்தி முழுசும் மிச்சம் இருக்கு.”

“எங்கடா அந்தத் தங்கக்கட்டி?” என்று கத்திக்கொண்டே பின்ஹாஸ் வெளியே ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கொப்பரை பக்கத்தில் வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஹிஸ்கியோவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வந்து மேடைமேல் வைத்தார். பழைய சட்டை, பொத்தான் ஒன்று இல்லை.

“படிடா ராஜா. படிச்சிட்டு எவ்வளவு வேணும்னாலும் தின்னு.”

ஹிஸ்கியோ எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தான். மேலே ஒரு தோட்டம், கீழே ஒரு தோட்டம். நடுவில் மண்சுவர். சுவரின் பக்கவாட்டில் கீரை முளைத்திருக்கிறது. கீரை யாருக்கு? ஒரு பெரியவர் மேல்தோட்டக்காரனுக்கு என்கிறார், மண் அவனுடையது. இன்னொருவர் கீழ்த்தோட்டக்காரனுக்கு என்கிறார், கீரை வளர்கிற காற்று அவனுடையது. மூன்றாமவர், மேல்தோட்டக்காரன் கையை நீட்டி எட்டுகிறவரை... அங்கே நின்றான். உள்ளங்கை பக்கத்தின் மேல் விழுந்தது. இந்தக் கை அம்னூனுக்குத் தெரியாத கையா!

“யாரோட கை?” என்றான் ஹிஸ்கியோ.

கூடமே முனகியது.

“மேல்தோட்டக்காரன் கைடா! அவன் கைதான்! படி!” என்றார் பின்ஹாஸ்.

“அவன் கை குட்டையா இருந்தா?”

“குட்டையா இருந்தா கொஞ்சமா எடுத்துக்குவான். படிடா கண்ணு!”

“குப்புறப் படுத்துத் தொங்கி எட்டினா? இல்லாட்டி நெட்டையா இருக்கிற பையனை விட்டுப் பறிச்சா? புரியாம எப்படி முடிக்கிறது மாமா? அம்னூன், நீ நேத்து படிச்சியே. என்னா அர்த்தம்?”

அம்னூன் வாயைத் திறந்தான். ராகம் வந்தது, வரி வந்தது, அர்த்தம் வரவில்லை. எவ்வளவு எட்டலாம் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கல்ஃபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தொங்கக்கூடாது? கை எட்டினாச் சரிதானே?” என்றார் ஒருவர். “அப்ப ஏணி வச்சு எட்டினா?” என்றார் இன்னொருவர். “ஏணி எப்படிய்யா கையாகும்?” என்று மூன்றாமவர் எகிறினார். ஒரு நிமிஷத்தில் கூடம் மாட்டுச்சந்தையாகிவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், இங்கே பசியே பறந்துவிட்டது.

“தள்ளுங்கடா, நான் காட்டுறேன்!” என்றார் பின்ஹாஸ். புலாவுக்கு வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டுகளை வரவழைத்து மேடையின் பக்கப் பலகையில் மேலிருந்து கீழாகச் செருகச் சொன்னார். மேடைதான் மேல்தோட்டம். அவர் அதன்மேல் குப்புறப் படுத்து நீலக் கையைத் தொங்கவிட்டார். முதல் கட்டை லேசாக எடுத்துவிட்டார். இரண்டாவதற்கு வயிறு பிதுங்கியது. மூன்றாவதற்கு முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, “உம்... உம்...” என்று முக்கியபோது இடுப்புக்கச்சை பட்டென்று அறுந்தது.

“மாமா, இது செல்லாது. உங்களுக்கு மூச்சே வரல” என்றான் ஹிஸ்கியோ.

“அதேதான்!” கல்ஃபா தொடையில் ஓங்கித் தட்டினார். “இதைப் பேசின பெரியவங்களும் இதையேதான் சொல்லிட்டுப் போயிருக்காங்க. முக்கி முனகிப் பிடிக்கிறது கணக்கில்ல. சிரமப்படாம எட்டுறது அவனுது. மிச்சமெல்லாம் கீழ்த்தோட்டக்காரனுக்கு. பாத்தியா அம்னூன்?”

அம்னூன் தலையைக் குனிந்தான். “எனக்கு இது தெரியாது கல்ஃபா. நான் சும்மா...”

“சும்மா பாடியிருக்கே. அர்த்தம் தெரியாமப் பாடினதை நம்ம பள்ளிக்கூடத்துல எப்படா பாடம்னு சொல்லியிருக்கோம்?” கல்ஃபா மேடைப் படியைக் காட்டினார். “இப்பத்தான் உனக்குப் புரிஞ்சிருக்கு. உனக்கும் அந்த வரி இன்னும் மிச்சம்தான். ஏறு மேலே.”

அவனுக்கு நம்ப முடியவில்லை. அப்பாவைப் பார்த்தான். மனாஷே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போடா, போ! சோறு குழையுது!” என்று விரட்டினார். ஹிஸ்கியோ பக்கத்தின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு அவனுக்கு இடம் விட்டான். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்தார்கள். அம்னூன் ராகத்தை ஹிஸ்கியோவின் நடைக்கு மெதுவாக்கினான். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குள் இப்போதுதான் இறங்கியது. கடைசிச் சொல் முடிந்ததும், நூலைப் பார்த்துத் திரும்பவும் உன்னிடம் வருவோம் என்று வழக்கப்படி வாக்குக் கொடுத்தார்கள். கூடம் அதிர்ந்தது. மிட்டாய் பறந்தது. பின்ஹாஸ் ஒரு கையால் கால்சராயைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி ஆடினார்.

புலாவ் குழையவில்லை. சமையல்காரர் மிரட்டுவதற்காகச் சொன்னது அது. பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மனாஷே முதல் கவளத்தை உருட்டித் தன் வாயில் போடாமல் அம்னூன் வாயில் திணித்தார்.

“என் தலைச்சனே! உனக்காக எத்தனை வருஷம் வேணும்னாலும் பட்டினி கிடக்கலாம்டா.”

அம்னூன் மென்றுகொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். வாய் நிறையச் சோறு.

“டேய் ஹிஸ்கியோ. கீரை கீழ்ப்பக்கம் முளைச்சு, வளந்து வளந்து மேல்தோட்டக்காரன் கைக்கு எட்டிருச்சுன்னா? அப்ப யாருது?”

ஹிஸ்கியோ வாதுமைக் கொட்டையைக் கீழே வைத்தான். “அட, ஆமாம்ல!”

“யாராவது இவனுங்க வாயை மூடுங்களேன்! சாப்பிட விடுங்கடா!” என்று அலறினார் பின்ஹாஸ் மாமா.

கல்ஃபாவும் தலைச்சன்தான், அவரும் விடிந்ததிலிருந்து வெறும் வயிறு. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அம்னூன் கேட்ட முதல் கேள்வி இது. அவர் வாய்வரை கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, “எங்கே, இன்னொரு தடவை கேளு” என்றார்.