தடுக்கப்பட்டோர் நூற்றுப் பதினெட்டு

எங்கள் பிரிவின் வேலை, நடக்காததைக் கணக்குப் போடுவது. ஐந்து வருட வயிற்றுப்போக்கு நோயாளிகளின் பதிவேட்டையும் மழை அளவையும் கணினியில் கொடுத்தால், ஒன்றுமே செய்யாமல் விட்டால் எத்தனை பேர் நோயில் விழுவார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லும். பிறகு சுகாதாரத் துறை தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் மாத்திரை போடும். மாதக் கடைசியில், உண்மையில் விழுந்தவர்களை அதிலிருந்து கழித்தால் மிச்சமிருப்பது, மாத்திரை காப்பாற்றியவர்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. முன்கணிப்பு வெளியே போகக் கூடாது. ஜனங்கள் பயந்துபோய்த் தாங்களே உஷாராகிவிட்டால், எது மாத்திரையின் வேலை, எது பயத்தின் வேலை என்று பிரிக்க முடியாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ஆறாவது வார்டுக்கு நூற்று நாற்பது என்று வந்தது. அங்கேதான் என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். விதியாவது மண்ணாங்கட்டியாவது, அன்றைக்கே போன் செய்தேன்.

“அக்கா, ஒரு மாசத்துக்குக் கொதிக்க வெக்காத தண்ணியக் குடிக்காதீங்க. பசங்கள சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லு. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“நான் ஏன்டா சொல்லப்போறேன்?” என்றாள்.

வீட்டில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பேர். சாயங்காலத்துக்குள் மூன்று தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாரக் கடைசியில் வார்டு முழுக்க வீட்டுக்கு வீடு தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதம் ஆறாவது வார்டில் விழுந்தவர்கள் இருபத்திரண்டு பேர்தான். இயக்குநர் மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

“நூத்திப் பதினெட்டு பேரத் தடுத்திருக்கோம். அடுத்து ஒன்பதாவது வார்டு. மாத்திரையே போதும், வழக்கமா வீடு வீடாப் போய்ச் சுத்தம் பத்திச் சொல்ற ஆளுங்கள வேற வேலைக்கு மாத்திடலாம். அறிக்கைல கையெழுத்துப் போடுங்க.”

என் மேசையில் ஆறாவது வார்டுத் தொட்டித் தண்ணீரின் பரிசோதனைத் தாளும் இருந்தது. நான்கு வாரமும் குளோரின் இல்லை என்றே எழுதியிருந்தது. மாத்திரை, கிடங்கில் கிடந்து வீரியம் போன சரக்கு. காப்பாற்றியது அக்காவின் வாய். அதைச் சொன்னால் முன்கணிப்பை வெளியே விட்டது யார் என்று கேட்பார்கள், வேலை போகும். கோழைப் பயலே என்று என்னை நானே திட்டிக்கொண்டதோடு சரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பதாவது வார்டுக்குக் கணினி நூற்று அறுபது என்றது. அங்கேயும் தொட்டிகளில் அதே மாத்திரையைத்தான் போட்டார்கள். நூற்று அறுபத்து மூன்று பேர் விழுந்தார்கள். பதினோரு பேர் செத்துப்போனார்கள், அதில் ஏழு பிள்ளைகள். என் கணிப்பு இவ்வளவு துல்லியமாக அமைந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைக்காரர் கை குலுக்க வந்தார். நான் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன்.

செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா கூப்பிட்டாள்.

“ஏன்டா, அந்த வார்டுக்கும் முன்னாடியே கணக்குப் போட்டிருப்பீங்கல்ல?”

“போட்டோம்.”

“இத்தன பேர் விழுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் அங்க யாருக்குப் போன் பண்ணிச் சொன்ன?”

“அங்க எனக்கு யாரும் இல்லக்கா.”

ஒலிபெருக்கி என்று பேர் வாங்கியவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.